காரணம் தெரியாமல் மீன்கள் இறந்த தொட்டியில் மறுபடி மீன் விடுவது: கன்னியாகுமரி விடுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிய தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் எட்டடி நீளமும் இரண்டரை அடி அகலமும் மூன்றடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மணலும் மரக்கட்டையும் போக ஏறக்குறைய 1,400 லிட்டர் நன்னீர் நிற்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்த வாரத்தில், வைகாசிக் கடைசியில், ஒரே இரவில் அதிலிருந்த 47 மீன்களில் 41 இறந்துவிட்டன. இரவு பதினொன்றுக்குக் கூடத்து விளக்கை அணைத்த காவலர், மீன்கள் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். காலை ஐந்தரைக்கு வரவேற்பு மேசையைத் திறக்க வந்த பையன் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் பெரிய தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். மறுநாள் என்னை அழைத்த விடுதி உரிமையாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். ஏன் செத்தன? எப்போது புது மீன் விடலாம்? முதல் கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. இரண்டாவதற்கு விடை கிடைத்தது. முதல் கேள்வி தீராமல் இரண்டாவதைத் தொடக்கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிக் காத்திருந்து சலித்து, ஒருநாள் கழுவிவிட்டு அப்படியே மீன் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்ட வழி வேறு. அதை எழுதி வைப்பது இன்னொரு தொட்டிக்கு உதவும் என்று நம்புகிறேன்.

இறந்தவையும் பிழைத்தவையும்

தொட்டியில் இருந்தவை: சில்வர் டாலர் 12, டின்ஃபாயில் பார்ப் 9, ரெயின்போ மீன் 16, கிளவுன் லோச் 5, முத்து கவுராமி 3, கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் 2. பிழைத்தவை மூன்று கவுராமிகள், இரண்டு சக்கர் மீன்கள், ஒரே ஒரு சில்வர் டாலர். அந்தச் சில்வர் டாலர் தன் கூட்டத்திலேயே பெரியது. மணலில் வாழும் சிறு நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சாவு நடந்த தொட்டியில் முதலில் கேட்க வேண்டியது எது செத்தது என்பதைவிட எது பிழைத்தது என்பதுதான். கவுராமி தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும். சக்கர் மீன் காற்றை விழுங்கி வயிற்றால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இரண்டும் செவுளை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. ஆகவே தண்ணீரில் ஆக்சிஜன் போயிருக்க வேண்டும், அல்லது செவுளைக் கெடுக்கும் ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சில்வர் டாலர் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் விழும். அங்கே பெரியது நின்று சிறியவை விழுந்திருந்தன.

இதற்கு மேல் போகத் தடயம் இல்லை. நான் போய்ச் சேருமுன் இறந்த மீன்களைத் தென்னை மூட்டில் புதைத்திருந்தார்கள். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு டேங்கர் லாரித் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். பதற்றத்தில் யாரும் செய்வதுதான். ஊழியர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இறந்து சில மணி நேரத்துக்குள், உறைய வைக்காமல் பனிக்கட்டிக்கு நடுவே வைத்த மீன் என்றால் மட்டுமே செவுளையும் உள்ளுறுப்புகளையும் பார்த்து ஏதாவது சொல்ல முடியும். நம் மாவட்டத்துக்கு அருகிலேயே தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக மீன் இல்லை.

எஞ்சிய தடயங்கள் இரண்டு. ஒன்று, வரவேற்பு மேசைப் பையன் விடியற்காலையில் எடுத்த சிறு காணொளி. அதில் ஏர் பம்ப் குமிழ் விடுகிறது, மேலே தண்ணீர் விழும் குழாய் ஓடுகிறது, நத்தைகள் கண்ணாடியில் நீர்மட்டம் வரை ஏறி நிற்கின்றன. மற்றொன்று, பிழைத்த மீன்களை அவர்கள் எடுத்துப் போட்டிருந்த பெரிய வாளி. அதிலிருந்தது பழைய தண்ணீர், இறைக்குமுன் முகந்தது.

வீட்டுக்கோ கடைக்கோ வரவிருந்த கேட்டை மீன்கள் தாங்கிக்கொண்டு போய்விட்டன என்று உரிமையாளரின் தாயார் சொன்னார். நம் ஊரில் பல வீடுகளில் கேட்கும் ஆறுதல் இது. அந்த நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் அடுத்து வரும் மீன்களின் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

சந்தேகங்கள்

நோயை முதலிலேயே விலக்கினேன். பாக்டீரியாவோ வெண்புள்ளி என்னும் ஒட்டுண்ணியோ மீன்களைக் கொல்லும். ஆனால் இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஐந்து என்று கொல்லும். ஆறு மணி நேரத்தில் நான்கு வகை மீன்களை ஒன்றாகக் கொண்டுபோகாது. தாமிரத்தையும் விலக்கினேன். மயில்துத்தம் கலந்த மருந்து எதுவும் உள்ளே வந்திருந்தால் நத்தைகள்தான் முதலில் போயிருக்கும்.

ஆக்சிஜன்? 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்கும். 1,400 லிட்டருக்குக் கணக்கிட்டால் மொத்தமே 11 கிராம். அந்த மீன்கள் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ இருந்திருக்கும். மணிக்கு ஒரு கிராமுக்கு மேல் இழுக்கும். வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு வேண்டும். மோட்டாரும் ஏர் பம்பும் சேர்ந்து நின்றால் ஓர் இரவைத் தாண்டுவது கடினம். அன்றிரவு காற்றில் மின்சாரம் வந்து வந்து போனது உண்மை. ஆனால் ஜெனரேட்டர் ஒவ்வொரு முறையும் உடனே பிடித்துக்கொண்டதாகப் பதிவேடு காட்டியது. காணொளியில் எல்லாம் ஓடுகிறது. எனவே இது வலுவான சந்தேகம் அல்ல.

பூச்சிமருந்து? மூன்று நாளுக்கு முன் சமையலறையில் கரப்பானுக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். தொட்டியின் ஏர் பம்ப் சமையலறைச் சுவரை ஒட்டிய சாமான் அறையில் இருந்தது. ஏர் பம்ப் தான் இருக்கும் அறையின் காற்றை இழுத்து அப்படியே தண்ணீருக்குள் ஊதும் கருவி. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கரப்பான் மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை, மனிதனுக்கும் கோழிக்கும் அதிகம் தீங்கு செய்யாத அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். நத்தை அதைத் தாங்கும். இதுவரை பொருந்துகிறது. ஆனால் கவுராமி தாங்காது. மருந்து அடித்த நாளில் சாகாத மீன்கள் மூன்று நாள் கழித்து ஏன் சாக வேண்டும்? இதுவும் பலவீனமான சந்தேகம்.

என் மனம் அதிகம் நின்றது தண்ணீர்க் குழாயில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தொட்டிக்கு வழக்கமாக வருவது மலைப்பக்கத்துக் குழாய்த் தண்ணீர். உப்பும், அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மையும் குறைவான மென்னீர். அதில் மீன் கழிவு, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்களால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று மாறிக்கொண்டே போகும்போது காரத்தன்மை தீர்ந்துகொண்டு வரும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. தண்ணீரை அவ்வப்போது மாற்றாமல், ஆவியானதை மட்டும் ஈடுகட்டி வந்தால், நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவு மெல்ல இறங்கும், அதாவது நீர் அமிலமாகும். 6-க்கு அருகே வந்ததும் அந்தப் பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீன்கள் சாகாது. பி.எச். குறைந்த நீரில் அது அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். 28 டிகிரியில் பி.எச். 6 என்றால் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதே நீரின் பி.எச். 8-க்கு ஏறினால் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் நச்சாகிவிடும். ஏறத்தாழ நூறு மடங்கு. வெளியிலிருந்து ஒரு துளி விஷமும் வராமல், நல்ல தண்ணீர் வந்ததாலேயே ஒரு தொட்டி அழிய முடியும்.

இந்தத் தொட்டியைக் கவனித்து வந்த பையன் சில மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தான். அதன்பின் யாரும் தண்ணீர் மாற்றவில்லை, வடிகட்டும் பஞ்சைப் பிழியவில்லை. மழை பிடித்ததும் குழாய்த் தண்ணீர் கலங்கி வர, விடுதி டேங்கர் லாரிக்கு மாறியது. கடற்கரைப் பக்கத்து ஆழ்குழாய் நீர், பி.எச். 8, கடினத்தன்மை அதிகம். அதே வாரத்தில் மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். மீன் தொட்டியின் கீழே சம்பு இருக்கிறது: தொட்டி நீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரால் மறுபடி மேலே ஏறும் துணைத் தொட்டி. மாடித் தொட்டியிலிருந்து அந்தச் சம்புக்கு ஒரு குழாயும் மிதவை வால்வும் இருந்தன. ஆவியாகிற தண்ணீரைத் தானே நிரப்புவதற்கான ஏற்பாடு.

அந்தச் சம்பைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சம்புக்குள் அறை அறையாகத் தடுத்திருக்கும்; மிதவை வால்வு இருந்தது அதில் மோட்டார் அறையில். அதற்கு முந்தைய அறையில் பஞ்சு. பஞ்சு அடைத்துக்கொண்டால் மோட்டார் அறைக்குத் தண்ணீர் வராது, மட்டம் இறங்கும், தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று எண்ணி வால்வு திறக்கும். மாடித் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் போய் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியிலிருந்து இறங்கும் பழைய தண்ணீர் பஞ்சைத் தாண்ட முடியாமல், அதிகப்படி நீருக்கான குழாய் வழியே சாக்கடைக்குப் போய்விடும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. யாருக்கும் தெரியாது.

மீன் இல்லாத தொட்டியில் அந்தப் பழைய பஞ்சையே வைத்து ஓட்டிப் பார்த்தோம். வால்வு திறந்தது. சாக்கடைக் குழாயின் கீழே வைத்த பத்து லிட்டர் வாளி மூன்று நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 200 லிட்டர். ஆறு மணி நேரத்தில் தொட்டியின் பழைய நீரில் பாதிக்கு மேல் வெளியே போய், அந்த இடத்துக்கு மாடித் தண்ணீர் வந்திருக்கும். வாளியில் இருந்த பழைய தண்ணீரின் கடினத்தன்மையும் குழாய் நீருக்கும் டேங்கர் நீருக்கும் நடுவில்தான் இருந்தது.

இவ்வளவு இருந்தும் இதைக் காரணம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. காலையில் ஊழியர்கள் தண்ணீரை இறைத்தபோது கிளம்பிய அழுக்கும் அந்தப் பஞ்சில் ஏறியிருக்கும். முந்தைய இரவே அது அவ்வளவு அடைத்திருந்ததற்குச் சாட்சி இல்லை. டேங்கர் தண்ணீர் சில நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தாலும் வாளி நீர் அப்படித்தான் காட்டும். வாளியில் மீன்கள் ஓர் இரவு இருந்ததால் அதன் அம்மோனியா அளவு எதையும் சொல்லாது. குளோரின் வந்ததா, பி.எச். ஏறியதா என்றும் பிரிக்க முடியாது. பெரிய சில்வர் டாலர் ஏன் பிழைத்தது என்பதற்கும் இதில் விடை இல்லை.

எது இன்னும் உள்ளே இருக்கக்கூடும்?

இங்கேதான் கேள்வியை மாற்றினேன். கொன்றது எது என்று தெரியாமல் போகலாம். ஆனால் கொன்றிருக்கக்கூடியவற்றுள் எது எது இன்னும் தொட்டிக்குள் இருக்க முடியும் என்று கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்குகிறது. ஆக்சிஜன் குறைவு அன்றோடு போய்விட்டது. குளோரின் காற்றிலும் அழுக்கிலும் கரைந்து தீர்ந்திருக்கும். அம்மோனியாவைச் சோதனைத் துளியால் அளந்துவிடலாம். உள்ளே தங்கக்கூடியது ஒன்றுதான்: பூச்சிமருந்து. அது தண்ணீரில் கரைந்து நிற்பதைவிட மணலுக்கு அடியிலுள்ள வண்டலிலும் மரக்கட்டையிலும் பஞ்சிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, மிகக் குறைவாகச் சந்தேகப்பட்ட ஒன்றுக்காகத்தான் மிக அதிகமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. உரிமையாளருக்கு இது விசித்திரமாகப் பட்டது. “அது இல்லை என்று நீங்களே சொல்கிறீர்களே தம்பி, பிறகு எதற்கு மணலை எல்லாம் அள்ள வேண்டும்?” என்று கேட்டார். “இல்லை என்று நினைக்கிறேன் அண்ணாச்சி. ஆனால் இருந்தால், புது மீனையும் கொல்லக்கூடியது அது ஒன்றுதான்” என்றேன். அவர் வெகுநேரம் கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதித்தார்.

மணல் முழுவதையும் அள்ளினோம். மரக்கட்டையை விறகுக்குப் போட்டோம். பஞ்சும் பழைய கரியும் குப்பைக்குப் போயின. கண்ணாடியைச் சோப்பு இல்லாமல் தண்ணீராலும் துணியாலும் துடைத்தோம். விட்டுவைத்தது ஒன்றுதான்: சம்பிலிருந்த பீங்கான் வளையங்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அது. அதையும் எறிந்தால் தொட்டி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்க வேண்டும். வளையங்களை மீன் இருந்த தண்ணீரில் அலசி, பிழைத்த ஆறு மீன்களோடு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். மீன் கழிவு பாக்டீரியாவுக்கு உணவு. வளையங்களில் ஏதேனும் தங்கியிருந்தால் அந்த மீன்களே காட்டிக்கொடுத்திருக்கும். ஏற்கெனவே ஒரு துயரத்தைக் கடந்து வந்தவற்றிடம் இதைக் கேட்க எனக்குத் தயக்கம் இருந்தது. தினமும் பார்த்து வந்தேன். ஆறும் நன்றாகத் தின்றன.

சக்கர் மீன்களை இனி வேண்டாம், பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமா என்று ஊழியர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியவை. அவற்றுக்கு நடுவே வாழும் நாம் ஒரு தொட்டி மீனையும் வெளியே விடும் உரிமை உள்ளவர்கள் அல்ல.

வழிகளை அடைத்தல்

உள்ளே தங்கியதை அகற்றினால் போதாது. மறுபடி வரும் வழியையும் அடைக்க வேண்டும். இதற்கும் கொன்றது எது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு தொட்டிக்குள் எதுவும் வருவதற்குத் தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்கம்பி, மனிதக் கை ஆகிய நான்கு வழிகள்தாம் உண்டு.

மாடித் தொட்டிக்கும் சம்புக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்தோம். தனியாக 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைத்து, அதில் தண்ணீரை நிரப்பிக் காற்றோட்டி, சோதித்த பிறகே மீன் தொட்டிக்கு விடுவது என்று ஏற்பாடு. குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்பேட்: ஒரு கிராம் குளோரினுக்கு ஏழு கிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டருக்கு அந்த ஏழு கிராமே போதும். ஏர் பம்பை வரவேற்புக் கூடத்துக்கே கொண்டுவந்தோம். கொஞ்சம் சத்தம் கேட்கிறது, பரவாயில்லை. மின்சாரம் போனால் தானே ஓடும் மின்கல ஏர் பம்ப் ஒன்றும் வைத்தோம். ஜெனரேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துக்கொள்ளலாம். ஒக்கிப் புயலுக்குப் பின் மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம்! டீசலுக்கும் அலைந்தோம்.

மனிதக் கைக்கு ஒரு மூடியும் பூட்டும்.

நவச்சாரமும் சிற்றிறாலும்

கழுவிய தொட்டியில் புது ஆற்று மணல் மெல்லிய அடுக்காக, புது மரக்கட்டை, புதுக் கரி. வளையங்களில் பாதியைத் திருப்பிச் சம்பில் வைத்தோம். மீன் விடுமுன் பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு மீனைப் பலி கொடுக்கத் தேவையில்லை. அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், இருந்தால் போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே உப்பு. ஆனால் கடை நவச்சாரத்தில் வேறு உலோகக் கலப்பு இருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரத்தில் வாங்கினேன். 1,400 லிட்டருக்கு 9 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அந்த அளவு ஒரே நாளில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். முதல் வாரங்களில் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் நின்றது. ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் சேர்ந்து இறங்கின. வளையங்களைக் காப்பாற்றியிருக்காவிட்டால் இன்னும் இழுத்திருக்கும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் பட்ட படி. சந்தேகமான தொட்டியில் முதலில் முரட்டு மீன் ஒன்றை விட்டுப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். மோலியோ கவுராமியோ பிழைத்தால் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். இதில் அர்த்தம் இல்லை. இந்தத் தொட்டியிலேயே மோசமான இரவைக் கவுராமிகள் தாண்டியிருக்கின்றன. அவை பிழைப்பதிலிருந்து எதை அறிய முடியும்? தாங்காத உயிர் ஒன்று தாங்கினால்தான் அது செய்தி. பூச்சிமருந்தின் சிறு சுவட்டையும் தாங்காதது இறால் இனம்.

தாழக்குடிப் பக்கம் வயல் வாய்க்காலில் பிடித்த சிற்றிறால்களில் பத்தை, மெல்ல மெல்லத் தொட்டி நீருக்குப் பழக்கி, வலைப் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கினேன். இன்னொரு பத்தை, மீன் தொட்டிக்கே போகாத சின்டெக்ஸ் நீரில் தனி வாளியில் வைத்தேன். ஒப்பிட ஆள் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை. பிடிபட்ட அதிர்ச்சியிலேயே சில சாகும். நச்சுத்தன்மைச் சோதனைகளில் வழக்கமான 96 மணி நேரம் காத்திருந்தோம். வாளியில் ஒன்று செத்தது, தொட்டியில் ஒன்று செத்தது. மற்றவை ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போர்த்தத் தொடங்கியிருந்தன. ஓடு கழற்றும் நேரம் இறாலுக்கு மிகவும் பலவீனமான நேரம். அதையும் கடந்தது கண்டு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எந்த மீன்?

பழைய மீன்களையே அதே எண்ணிக்கையில் வாங்கித் தரச் சொன்னார் உரிமையாளர். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். அதற்குள் தொட்டி நிறைய வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த விடுதிக்கு இனி வருடத்தில் பாதி நாள் வரப்போவது டேங்கர் நீர். மென்னீர் மீனை வாங்கி, அதற்கேற்ப தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது பராமரிக்க ஆளில்லாத இடத்தில் நடக்காது. கிடைக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வைப்பதே நிலைக்கும்.

நான் சொன்னது கரிமீன். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலில் வாழும் மீன். உப்பு, கடினத்தன்மை, நன்னீர் எல்லாவற்றையும் தாங்கும். சாம்பல் பச்சை உடலில் பட்டைகளும் முத்துப் புள்ளிகளுமாக, ஒளி பட்டால் சில்வர் டாலரைவிட அழகு. குஞ்சுகளைத் தாயும் தந்தையும் சேர்ந்து காவல் காப்பதைத் தொட்டியிலேயே பார்க்கலாம். பக்கத்துக் கேரளம் 2010-இல் இதை மாநில மீனாக அறிவித்தது. “வாழையிலையில் பொள்ளிக்கிற மீனைக் கண்ணாடிக்குள் வைப்பதா? விருந்தினர் என்ன நினைப்பார்கள்?” என்றார் உரிமையாளர். வடக்கிலிருந்து வரும் விருந்தினருக்கு இது புது மீன், நம் மாவட்டத்து மீன் என்று பெயர் எழுதி வைக்கலாம் என்றேன். அவருடைய தாயார் என் பக்கம் நின்றார். சிறு வயதில் காயலில் பார்த்ததாம்.

முடிவில் ஒத்துக்கொண்டது: பண்ணையில் பொரித்த கரிமீன் குஞ்சுகள் 8; கடைகளில் பிலமெண்ட் பார்ப் என்று விற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கெண்டை 12; கடின நீரை விரும்பும் ரெயின்போ 10; தனியாக நின்ற சில்வர் டாலருக்குத் துணையாக அதே அளவில் ஐந்து. கூட்டமாக வாழும் மீனைத் தனியே விடுவது கொடுமை. மிஸ் கேரளா எனப்படும் செங்கோட்டுக் கெண்டையை அவர் படத்தில் பார்த்துக் கேட்டார். காட்டாறுகளில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் அது. பண்ணையில் வளர்த்தது என்று உறுதி இல்லாமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்து சேர்ந்த விதம்

ரெயின்போவும் சில்வர் டாலரும் சென்னை கொளத்தூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து வந்தன. நெடும்பயணம் வந்த பையைத் திறப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா தீங்கில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா நச்சாகும். திறந்த பையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் பழக்குவது, அன்பு மிகுதியால் செய்யும் தீங்கு. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்தவுடன் வலையால் எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். தொட்டி நீருக்கும் பைக்கும் கடினத்தன்மை வேறுபாடு அதிகம் இருந்துவிடக்கூடாது என்பதற்காக, தனித் தொட்டியின் நீரை விற்பனையாளர் சொன்ன அளவுக்கு முன்பே கலந்து வைத்திருந்தோம். பிறகு வாரக் கணக்கில் விடுதி நீருக்கு நகர்த்தினோம்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தனித் தொட்டியில் இருந்தது. வெண்புள்ளி இந்த வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். ஒளிந்து வந்திருந்தால் அந்தக் காலத்துக்குள் வெளிப்படும். கெண்டைகளில் இரண்டின் மேல் ஊசிப்புழு இருந்தது. இடுக்கியால் எடுத்து, புண் ஆறும்வரை உப்பு நீரில் வைத்தோம். கடைசி வாரத்தில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் இரண்டு மீன்களைப் பிழைத்த ஆறோடு ஒரே தொட்டியில் சேர்த்துப் பார்த்தோம். பழையவை எதையாவது சுமந்துகொண்டிருந்தாலும், புதியவை எதையாவது கொண்டுவந்திருந்தாலும், அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றும் நடக்கவில்லை.

ஆவணியில் கெண்டைகள் பெரிய தொட்டிக்குப் போயின. அவை வந்த பிறகு அம்மோனியா இரண்டு நாள் லேசாகத் தலைகாட்டி மறைந்தது. அது முழுவதும் அடங்கி, நைட்ரேட் மட்டும் ஏறுவதைப் பார்த்த பிறகு ரெயின்போக்கள். புரட்டாசி கடைசியில் கரிமீன் குஞ்சுகளும் பிழைத்த ஆறும். கெண்டை ஒன்று மூடியின் சிறு இடைவெளி வழியே துள்ளி விழுந்து இறந்தது. இடைவெளியை அடைத்தோம். வேறு இழப்பு இல்லை.

சில்வர் டாலர்கள் ஐந்தும் இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வலுத்துக் குழாய்த் தண்ணீர் மறுபடி கலங்கியிருக்கிறது, டேங்கர் வந்துகொண்டிருக்கிறது. இந்த மாற்றத்தைத் தொட்டி ஒருமுறை தாங்கிக் காட்டட்டும், காரத்தன்மை அளவு ஒரு மாதம் அசையாமல் நிற்கட்டும், பிறகு விடலாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பையன் தினமும் காலையில் பி.எச்., வெப்பம், பஞ்சு பிழிந்த நாள், சமையலறையில் மருந்து அடித்த நாள், லாரி வந்த நாள் என்று குறித்து வைக்கிறான். குளிர்பெட்டியின் கதவில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறோம்: மீன் இறந்தால் முதலில் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீர், இரண்டு மீன், பனிக்கட்டி, அதன் பிறகுதான் மற்ற எதுவும்.